லாரி லைசென்ஸ் மாற்ற அலோர் ஸ்டார் போனேன்

விடியுமுன்னே பாலிங் பஸ் நிற்குமிடத்துக்கு வந்துவிட்டேன். சுங்கைப்பட்டாணி வழியாகச் சுற்றி அலோர் ஸ்டார் போக எழுபது மைல் இருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்து லாரியில் அந்தத் தூரத்தை மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்தவன் நான். ஜப்பான்காரன் ஆட்சியில் கரி எரித்து ஓடும் பஸ்ஸில் உட்கார்ந்து அடுத்தவன் ஓட்டுவதைப் பார்க்க வேண்டியதாயிற்று. தலையெழுத்து!

பழைய லைசென்ஸ் இனிச் செல்லாதாம். தலைநகரத்து ஆபீசில் கொடுத்துப் புதிது வாங்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் லாரி லைசென்ஸ் உள்ளவன் நான் ஒருத்தன்தான்.

"சுருக்கா மாத்திட்டு வந்துருலா. வெள்ளிக்கிழமை சயாமுல ரயில் பாதை போடுற வேலைக்கு ஆள் ஏத்தணும்," என்றார் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு தோட்டத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். மூன்று மாத வேலை என்றார். அப்படிச் சொல்லி முன்பு கூட்டிப்போன ஒருத்தரும் திரும்பவில்லை. ஆனால் டிரைவர் வேலை போனால் என் அரிசிப் பங்கும் போய்விடும். வீட்டில் பெண்சாதியும் இரண்டு பிள்ளைகளும்.

டிக்கெட் ஜப்பான் நோட்டில் இரண்டு வெள்ளி. கோலக்கெட்டில் ஊரைத் தாண்டி ஒரு மேட்டில் பஸ் இழுக்க முடியாமல் நின்றது. "ஆம்பளைங்கல்லாம் இறங்குங்கண்ணே," என்றான் டிரைவர். காசும் கொடுத்து வண்டியையும் தள்ளு! வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே தள்ளினேன்.

மறுபடி ஏறியபோது பக்கத்தில் ஒரு பெண் மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். சுங்கைப்பட்டாணி பசாரில் விற்கப் போகிறாளாம். நான் வியர்வை துடைக்கத் துணியை எடுத்தபோது லைசென்ஸும் கூடவே வந்தது.

"லாரி ஓட்டுறீங்களாண்ணே?"

"ஆமாம்மா."

கிழங்கு மூட்டையைக் காலுக்கடியில் தள்ளிக்கொண்டாள். பிறகு ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "எங்க தோட்டத்துல படம் காட்டுறோம்னு கூப்பிட்டாங்க. லாரியில ஏறலாமா வேணாமான்னு எல்லாரும் நின்னாங்க. எங்க வீட்டுக்காரர்தான், 'அட, நம்ம தோட்டத்து டிரைவர் அண்ணன்தானே ஓட்டுறாரு'ன்னு முதல்ல ஏறினாரு. அப்புறம் எல்லாரும் ஏறிட்டாங்க. நேரா ரயிலடிக்குக் கொண்டு போயிட்டாங்கண்ணே."

எங்கள் சனமும் அப்படித்தானே! திருவிழாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் என் லாரிதான். நான் கை காட்டினால் எங்கே என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். ஜப்பான்காரனுக்கு வேண்டியது என் கையல்ல, என் முகம். செத்தாலும் கொடுப்பேனா?

சுங்கைப்பட்டாணியில் பஸ் மாறினேன். குருண் பக்கம் இடப்புறத்தில் ஜெராய் மலை மேகத்துக்குள் கிடந்தது. அலோர் ஸ்டாரில் இறங்கும்போது உச்சி வெயில். ஆபீஸ் வாசலில் துப்பாக்கியோடு நின்றவனுக்கு எல்லோரும் குனிந்தார்கள். நானும் குனிந்தேன், வேறு வழி?

உள்ளே இருந்த குமாஸ்தா நம் ஆள். "சொந்தக் காருக்கு ஒண்ணு, வாடகைக் காருக்கு ஒண்ணு, லாரிக்கு ஒண்ணு. மாட்டு வண்டிக்குத் தனி. சைக்கிளுக்குக்கூட உண்டு தம்பி," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "லாரின்னா எல்லை தாண்டுற பெர்மிட்டையும் சேர்த்தே கொடுத்துடுவாங்க. ராணுவம் கூப்பிட்டா போயே ஆகணும்."

"எனக்கு மாட்டு வண்டி லைசென்ஸ் போடுங்க."

"என்னது?"

"மாலைக்கண்ணு. பொழுது சாஞ்சா ரோடு தெரியலை." பச்சைப் பொய்தான். கூச்சமே இல்லாமல் சொன்னேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போய் ஜப்பான் அதிகாரியிடம் மலாயில் ஏதோ சொன்னார். அவன் பூட்ஸ் சத்தத்தோடு வந்து, "பக்கேரோ!" என்று திட்டிக் கன்னத்தில் விட்டான் ஒரு அறை. காது குய்யென்றது. நான் கையைக் கட்டிக்கொண்டு, "மாட்டு வண்டி," என்றேன் மறுபடியும். இன்னொன்று விழுந்தது. கடைசியில் என் லாரி லைசென்ஸைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனான். பன்னிரண்டு வருஷம் கைக்குழந்தை மாதிரி வைத்திருந்தது. அழுகை வந்தது, அவன் முன்னால் அழவில்லை.

குமாஸ்தா மாட்டு வண்டிக்கு எழுதிக் கொடுத்தார். "பார்த்து நடந்துக்க தம்பி," என்றார்.

மறுநாள் தோட்டம் திரும்பினேன். கிராணி காறித் துப்பி, என் அரிசியை நிறுத்தினார். துப்பட்டும். அன்றே லயம் லயமாகப் போய் வீட்டுக்கு வீடு சொன்னேன்: "லாரியில நான் இல்லேன்னா ஏறாதீங்க. நான் இருக்கவும் மாட்டேன்."

வெள்ளிக்கிழமை முகம் தெரியாத டிரைவர் ஒருவன் எங்கள் லாரியை லயத்து வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தான். ஒரு தலைகூட வெளியே வரவில்லை. சிப்பாய்கள் வீடு வீடாக நுழைந்தார்கள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, ஆட்கள் எல்லோரும் ரப்பர் காட்டுக்குள். அடுத்த வாரம் அவர்கள் காட்டுக்கே வரலாம். வரட்டும். சுமை ஏறாத லாரியின் சத்தம் டிரைவர் காதுக்கு நன்றாகத் தெரியும். மரத்தடியில் படுத்தபடியே, பலகைகள் கடகடவென்று அடித்துக்கொள்ள அது பாலிங் ரோட்டில் ஏறிப் போவதைக் கேட்டேன்.