மாதிரி எண் ஒன்று

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆடி வெள்ளிக்கிழமை காலையில், திருக்கழுக்குன்றத்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவின் சமுதாயக் கூடத்தில் இது தொடங்கியது. கூடியிருந்தவர்களுக்கு முன்னால் அன்று நான் உதிர்த்த 'இல்லை' என்ற ஒரே சொல், ஒரு மீன்காரப் பெண்மணியின் பிழைப்பில் போய் விழும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

என்னைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்று, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். தெரு நலச் சங்கத்தின் தலைவன். அப்போது அறுபத்தெட்டு வயதாகியும் என் தலையில் ஒரு நரையும் இல்லை என்பது எங்கள் வட்டாரத்தில் பிரசித்தம். திருமண வீடுகளில் என்னைச் சுட்டிக்காட்டிப் பேசுவார்கள். காரணம் கேட்டவர்களிடம், விடியற்காலையில் எழுவதையும் வெறும் வயிற்றில் கறிவேப்பிலை மெல்லுவதையும் கூறிவந்தேன்.

உண்மையான காரணம், என் பீரோவின் கீழ்த்தட்டில் பழைய வேட்டி ஒன்றுக்குள் சுருண்டு கிடந்த தைலப் புட்டி. வெளிநாட்டுச் சரக்கு, பாரிமுனைக் கடையொன்றில் மூலிகைத் தைலம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். மற்ற சாயங்களைப்போல ஒரே நாளில் கருக்காது. சீப்பில் தொட்டு வாரிவந்தால் நரை மெல்ல மெல்ல மங்கி மறையும். ஒருவருக்கும் ஐயம் எழாது என்பதே அதன் பெருமை. எட்டு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு இந்தக் காரியம் நடந்துவந்தது.

அந்த வெள்ளிக்கிழமை வந்தவர்கள் ஓர் ஆய்வுக் குழுவினர். ஈயம், ஆர்சனிக், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் மனித உடலில் எவ்வளவு சேர்ந்திருக்கின்றன, துத்தநாகம், செலினியம் போன்ற நுண்சத்துகள் போதிய அளவில் இருக்கின்றனவா என்று அளப்பது அவர்கள் பணி. அதற்குப் பிடரியிலிருந்து சிறு கற்றை முடியும், கொஞ்சம் நகமும், சிறிது இரத்தமும் வேண்டும். பாவம், அவர்களுக்குப் பஞ்சாங்கம் தெரியாது. ஆடி வெள்ளியில் முடியும் நகமும் வெட்டுவதற்கு எங்கள் தெருவில் யார் இசைவார்கள்?

"முடிய எடுத்துக்கினு போயி இன்னா பண்ணுவாங்கோ? எவனாவது சூனியம் வச்சுட்டா?" என்று ஒரு குரல் எழுந்தது. கூட்டம் வாசலை நோக்கி நகரத் தொடங்கியது.

நான் எழுந்தேன். அறிவியலைக் குறித்துக் கால் மணி நேரம் பேசினேன். "நானே முதலில் கொடுக்கிறேன்" என்று நாற்காலியில் அமர்ந்தேன். கைதட்டினார்கள். குழுவின் தலைவியான இளம் பெண் ஆய்வாளர், படிவத்தை நிரப்பியபடியே, எல்லோருக்கும் கேட்கும்படி வினவினார்: "தலைக்குச் சாயமோ, கருக்க வைக்கும் தைலமோ பூசுவதுண்டா, சார்?"

தெருவே என் தலையைப் பார்த்தது. "இல்லை" என்றேன்.

என் முடிக்கற்றை ஓர் உறைக்குள் போயிற்று. அதன்மேல் 'மாதிரி எண் ஒன்று' என்று எழுதினார். எனக்குப் பின்னால் வரிசை நின்றது.

முடிவுகள் வரப் புரட்டாசி கழிந்துவிட்டது. ஐப்பசியின் முதல் ஞாயிறு எங்கள் ஊரில் மீன்காரர்களுக்கு எப்படிப்பட்ட நாள் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஒரு மாதம் விரதம் இருந்த வீடுகளெல்லாம் அன்று காத்திருக்கும். தேவனேரிக் கரையிலிருந்து எங்கள் தெருவுக்கு வரும் மீன்காரம்மா அன்று இரண்டு கூடைகளோடு வந்து, சமுதாயக் கூடத்துக்கு எதிரே பூவரச மரத்தடியில் கடை பரப்பியிருந்தார். வடகிழக்குப் பருவமழை வலுத்தால் படகு கடலுக்குள் போகாது. அதற்கு முன் கிடைக்கும் இந்தச் சில வாரங்கள்தான் அவருக்கு ஆதாரம்.

கூடத்துக்குள் ஒவ்வொருவரிடமும் மூடிய உறையைத் தந்த ஆய்வாளர், வீட்டுக்குப் போய்ப் படித்தால் போதும் என்றார். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. தலைவன் என்ற முறையில் என் முடிவை உரக்கப் படித்து மற்றவர்களின் அச்சத்தைப் போக்குவேன் என்று உறையைக் கிழித்தேன். துத்தநாகம் போதிய அளவு. செலினியம் மிக நன்று. பெருமிதத்தோடு அடுத்த வரிக்குப் போனேன். முடியில் ஈயம், இயல்பைவிடப் பல மடங்கு.

என் குரல் இறங்கிவிட்டது. ஆனால் கேட்டவர்கள் கேட்டுவிட்டார்கள்.

எதிர்வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற வட்டாட்சியர். என் ஆரோக்கிய அறிவுரைகளை எழுத்துப் பிசகாமல் பின்பற்றுபவர். அவர்தான் முதலில் வாய் திறந்தார். "சார் வூட்ல வாரம் அஞ்சு நாள் மீனுதானே? வேற எங்கேர்ந்து வரும்?"

மற்றவர்களின் முடிவுகளையும் பார்த்துவிட்டுப் பேசலாம், அவசரம் வேண்டாம் என்று ஆய்வாளர் கெஞ்சினார். அது யார் செவியிலும் ஏறவில்லை. பதினோரு மணிக்கு மரத்தடியில் ஆளே இல்லை. வஞ்சிரமும் சங்கராவும் காரப்பொடியும் வைத்தது வைத்தபடி கிடந்தன.

"இன்னா சாரு, எம்மீன்ல ஈயம் கீதாமே?" என்று என்னை மறித்துக் கேட்டார் மீன்காரம்மா. "காலைல துள்ளிகினு இருந்த மீனு சாரு இது! நீங்க படிச்சவங்கோ, நீங்களே சொல்லுங்கோ."

"ஆய்வு நடக்கிறது" என்று விறைப்பாகப் பதில் கூறி விலகி நடந்தேன். உண்மையில் நானும் மீனைத்தான் சந்தேகித்தேன். தைலம் என் நினைவின் ஓரத்துக்குக்கூட வரவில்லை. இனி மீன் வேண்டாம் என்று மனைவியிடம் கூறினேன். அவர் என் தலையை ஒரு முறை பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்ச் சங்கரா வாங்கிவந்தார்.

இரண்டு நாள் கழித்து ஆய்வாளர் வீட்டுக்கே வந்தார். குழாய்த் தண்ணீர், மஞ்சள் தூள், பித்தளைக் குடத்தில் சுரண்டியது, சுவர் வண்ணத்தில் ஒரு சில்லு, குளிர்பெட்டியில் மிச்சமிருந்த அந்தச் சங்கராவில் ஒரு துண்டு என எல்லாவற்றையும் எடுத்துச் சென்றார். அடுத்த வாரம் மீண்டும் வந்து, ஒன்றிலும் குறையில்லை என்றார்.

"உங்கள் இரத்தத்திலும் கவலைப்படும் அளவில் ஈயம் இல்லை, சார். முடியில் மட்டும்தான். அப்படியென்றால் அது வெளியிலிருந்துதான் படிந்திருக்க வேண்டும். மறுபடி கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். தலைக்கு ஏதாவது...?"

நான் பதில் சொல்லுமுன் மனைவி காபித் தம்ளரைக் கொண்டுவந்து வைத்தார். பக்கத்தில் பழைய வேட்டிச் சுருளையும் வைத்தார். "எங்க வீட்டுத் தலையணை உறைங்க எட்டு வருஷமா சொல்லிக்கிட்டுதான் இருக்கு, மேடம். யாரு கேட்டாங்க?"

ஆய்வாளர் புட்டியின் பொடியெழுத்துகளைக் கைப்பேசியில் பெரிதாக்கி என்னிடம் நீட்டினார். லெட் அசிடேட். ஈயத்தின் உப்பு.

அதை இரண்டு முறை படித்தேன். இதே உப்பில் தோய்த்த தாளை ஆய்வகத்தில் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவின்மேல் காட்டி, அது கறுப்பதைப் பார்க்கச் சொல்லி முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான். முடியிலுள்ள கந்தகத்தோடு என் தலையில் வாரந்தோறும் நடந்ததும் அதே வினைதான். புட்டியை வெளிச்சத்தில் எடுக்க வெட்கப்பட்டு, அந்த எழுத்துகளை ஒரு நாளும் படிக்காமல் விட்டிருந்தேன்.

ஆய்வாளர் பெருந்தன்மையானவர். படிவத்தைத் திருத்திக்கொள்வதாகவும், யாருக்கும் கூறப்போவதில்லை என்றும் சொன்னார். மீனில் குறையில்லை என்று ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். அதைச் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, கௌரவம் பிழைத்தது என்று நிம்மதியடைந்தேன். நிம்மதி மாலைவரை கூட நிற்கவில்லை. "மீன்ல இல்லேன்னா, சாருக்கு எப்படி வந்துச்சாம்?" என்று தெரு கேட்டது. மரத்தடி காலியாகவே இருந்தது.

சனிக்கிழமை மீன்காரம்மா எங்கள் வாசலில் நின்று மனைவியிடம் விடைபெற்றார். "நாளைக்கு ஒரு நாள் பாத்துட்டு, அப்பால கருங்குழிப் பக்கம் போறேம்மா. ரெண்டு பஸ்சு மாறணும். இன்னா பண்றது, இங்க என்னைப் பாத்தாலே பயந்துகினு கதவை மூடறாங்கோ." உள்ளே நாளிதழை விரித்துக்கொண்டு அமர்ந்திருந்த நான் ஒரு வரியும் படிக்கவில்லை.

ஞாயிறு காலை, புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். என்னைக் கண்டதும் வாசல்களில் நின்றிருந்தவர்கள் நெருங்கி வந்தார்கள். எத்தனையோ ஆண்டு விழாக்களில் பேசியவன், அன்று இரண்டு முறை முன்னுரையைத் தொடங்கி விட்டுவிட்டேன். கடைசியில், "ஈயம் மீனில் இல்லை. என் தலையில் இருந்தது. இதோ, இதிலிருந்து வந்தது. படிவத்தில் நான் பொய் சொன்னேன்" என்று கூறிப் புட்டியை உயர்த்திக் காட்டினேன்.

தெரு புட்டியை எட்டிப் பார்த்தது. பிறகு வட்டாட்சியரின் குரல், ஏறக்குறைய அழுகையாக ஒலித்தது: "அப்போ எட்டு வருஷமா வெறும் வயித்துல நான் மென்ன கறிவேப்பிலை?"

அவ்வளவுதான். சிரிப்பு எந்தப் பக்கத்திலிருந்து கிளம்பியது என்று தெரியவில்லை. தெரு முழுவதும் குலுங்கியது. என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மீன்காரம்மா மட்டும் சிரிக்காமல் எழுந்துவந்தார். ஏசப்போகிறார் என்று தலை குனிந்து நின்றேன். அவர் கூடையிலிருந்து பளபளவென்று ஒரு வஞ்சிரத்தைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"ஏன் சாரு, நரைச்சா இன்னா? இதுவும் வெள்ளையாத்தான் கீது. இதுக்குத்தானே எல்லாம் சண்ட போட்டுகினு வர்றீங்கோ!"

நானும் சிரித்துவிட்டேன். பல ஆண்டுகளாகத் தெருவில் நான் அப்படிச் சிரித்ததில்லை. செலினியம் என்னிடம் நன்றாக இருப்பதற்கு அவருடைய கடல் மீனும் ஒரு காரணம் என்று ஆய்வாளர் சொல்லியிருந்ததையும் அங்கேயே அறிவித்தேன். அரை மணியில் இரண்டு கூடைகளும் காலி. அடுத்த ஞாயிறு தெருமுனையிலிருந்தே "செலினி மீனேய்!" என்ற கூவல் கேட்டது. இன்றுவரை அந்தக் கூவல் மாறவில்லை.

வேடிக்கை அதோடு முடியவில்லை. அந்த வாரம் ஏழு ஆண்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஆய்வாளரைத் தொலைபேசியில் அழைத்துத் தத்தம் படிவத்தைத் திருத்திக்கொண்டார்கள். அவர்களில் வட்டாட்சியரும் ஒருவர் என்பதை அவரே பின்னர் என்னிடம் ஒப்புக்கொண்டார். கறிவேப்பிலை பலன் தராததால் வேறு வழி தேடினாராம்!

நான் முடிதிருத்தகத்துக்குச் சென்று தலையை ஒட்ட வெட்டிக்கொண்டேன். முளைத்தது வெள்ளையாகவே முளைத்தது. அடுத்த ஆடியில் குழுவினர் மீண்டும் மாதிரி எடுக்க வந்தபோது, பஞ்சாங்கம் பார்த்து ஒரு புதன்கிழமையில் வந்தார்கள். அதே நாற்காலி. அதே கேள்வியை ஆய்வாளர் இந்த முறை என் காதோரம் குனிந்து மெதுவாகக் கேட்டார். நான் எல்லோருக்கும் கேட்கும்படி, "இப்போது இல்லை" என்று பதில் சொன்னேன். சென்ற முறையைவிடப் பலத்த கைதட்டல்.

குறை வெளியே தெரியாதவரைதான் மதிப்பு நிலைக்கும் என்று அறுபத்தெட்டு வயதுவரை எண்ணியிருந்தேன். என் குறையை முழுவதுமாக அறிந்த பிறகும் அந்தத் தெரு என்னைச் 'சார்' என்றுதான் அழைக்கிறது, முன்னைவிடச் சற்று அருகில் வந்து.