உறைய வைத்த கணினி

பெரு நாட்டு மலை நகரமான உவன்காயோவில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கணினியைச் சுத்தமாகத் தயார் செய்து, ஒரு மென்பொருளைப் போட்டு அப்படியே உறைய வைத்துவிடுவார்கள். பிள்ளைகள் பகலெல்லாம் எந்த விளையாட்டை ஏற்றினாலும், எந்த வைரஸைக் கொண்டுவந்தாலும், அணைத்துப் போட்டால் மறுபடி புதுசு. எடில்பெர்த்தோவின் கடை அதன் புண்ணியத்தில்தான் ஓடியது. எல்லோர் கைக்கும் செல்போன் வந்ததும் கடையை மூடினார். இருந்ததில் நல்ல கணினியை வீட்டுக்கு எடுத்து வந்தார். செய்தி படிக்கவும் கால்பந்து பார்க்கவும் அது போதுமாக இருந்தது.

மனைவி ஐதே இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. ஞாயிறன்று ஆண்டுப் பூசை. அது முடிந்து வீட்டில் விருந்து. அங்கே அவள் பாட்டைப் போட நினைத்திருந்தார். சமைக்கும்போது அவள் பாடும் மலைப் பாட்டுகளை அவளுக்குத் தெரியாமல் போனில் பிடித்து வைத்திருந்தார். போனின் பேட்டரி உப்பத் தொடங்கியதும் பயந்துபோய், எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றி ஒருமுறை கேட்டார். பிறகு போனைத் துடைத்து அழித்து, பழைய சாமான் கடையில் போட்டுவிட்டார். மறுநாள் காலை கணினியைப் போட்டால் பாட்டுகள் இல்லை.

அழிந்ததை மீட்கும் மென்பொருள்களைத் தேடித் தேடி இறக்கினார். ஒன்று பணம் கேட்டது. ஒன்று கேட்காமலே வானிலை காட்டும் பொம்மையைத் திரை ஓரத்தில் ஒட்டிவைத்தது. நல்லதென்று எல்லோரும் எழுதியிருந்த ஒன்று, ரீஸ்டார்ட் செய்யச் சொன்னது. செய்தார். அந்த மென்பொருளே காணாமல் போயிருந்தது. மறுபடி ஏற்றினார். மறுபடி காணோம்.

பூசை ஏற்பாட்டைப் பேச வந்த ஐதேயின் தங்கை நெலிதா, கையில் பாத்திரத்தோடு வாசலிலேயே நின்றாள்.

"என்ன அத்தான், தெரு முனை வரைக்கும் கேக்குது. யாரைத் திட்டறீங்க?"

"இந்தச் சனியனைத்தான். ரீஸ்டார்ட் பண்ணுங்கறான். பண்ணினா அவனையே காணோம்!"

"உங்க கடையிலயும் அப்படித்தான? என் பையன் கஷ்டப்பட்டு ஜெயிச்சதெல்லாம் மறுநாள் இருக்காது. அழுதுட்டு வருவான். 'உறைய வெச்சிருக்கேன்டா'ன்னு நீங்க பல்லைக் காட்டுவீங்க."

மவுஸ் மேல் இருந்த கை அப்படியே நின்றது. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே, பழக்க தோஷத்தில், இதையும் உறைய வைத்தவர் அவர்தான். கடையில் செய்வதுபோலவே அந்த மென்பொருளின் சின்னத்தைத் திரையில் தெரியாமல் மறைத்ததும் அவர்தான்.

"என்னாச்சு அத்தான்?"

"நான்தான் அழிச்சேன். அதோட விட்டேனா? பாட்டு கிடந்த இடத்து மேலயே ஒவ்வொரு குப்பையா ஏத்தி மிதிச்சிருக்கேன்."

நெலிதா பாத்திரத்தை மேசையில் வைத்தாள். "இன்னும் ஏதாவது மிஞ்சியிருக்குமா?"

"தெரியல."

கணினியில் ஏற்றாமலே ஓடும் சின்ன மென்பொருள் ஒன்று இருந்தது. பகட்டாக இல்லையென்று முதலில் ஒதுக்கியது. அதை நேராகப் பென் டிரைவில் இறக்கி, அங்கிருந்தே ஓட்டினார். பெயரில்லாத கோப்புகள் கொஞ்சம் வந்தன. திறந்தால் இரைச்சல். அடுத்ததும் இரைச்சல். ஒன்றில் மட்டும் எண்ணெய் பொரிந்தது. பிறகு ஐதே:

"என்னத்தய்யா பிடிக்கிற? போனைக் கீழ வெச்சிட்டு வெங்காயத்த உரி."

அவ்வளவுதான். நெலிதா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை இதையே போடுங்க."

"எதை? ஊரைக் கூட்டி வெச்சு அவ என்னைத் திட்டறதையா? அவ எப்படிப் பாடுவான்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். இதுவும் அவதான?"

எடில்பெர்த்தோ அந்தக் கோப்பைப் பென் டிரைவில் சேமித்தார். நெலிதாவின் போனை வாங்கி அதிலும் ஏற்றினார். பிறகு தேடலை முதலிலிருந்து மறுபடி ஓட விட்டார்.

நெலிதா தான் கொண்டுவந்த உருளைக்கிழங்கைத் தட்டில் வைத்து, மேலே மிளகாய்ச் சாற்றை ஊற்றினாள்.

"சாப்பிட வாங்க அத்தான். அது பாட்டுக்கு ஓடட்டும்."

"இரு, இன்னும் பாதிகூட ஆகல," என்றார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.