ஓஸைப் பிடுங்கியது யார்?

எங்கள் ஊரில் தண்ணீர் நின்றுபோனால் ஏன் நின்றது என்று யாரும் கேட்க மாட்டார்கள். யார் நிறுத்தியது என்றுதான் கேட்பார்கள். பள்ளங்கிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. கொஞ்ச நாளில் நானும் அப்படியே கேட்கப் பழகிவிட்டேன்.

இங்கே வீட்டுக்கும் தோட்டத்துக்கும் தண்ணீர் வருவது கறுப்பு ஓஸ் குழாயில். மேலே சோலைக்காட்டுக்குள் ஓடை ஒரு பாறையிலிருந்து விழுந்து தேங்குகிற குழி உண்டு. ஓஸின் வாயில் பழைய சேலைத் துணியைச் சுற்றி, அந்தக் குழிக்குள் அமுக்கி, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டால் போதும். மோட்டார் வேண்டாம், கரண்ட் வேண்டாம், தண்ணீர் தானாக இறங்கி வரும். சருகு அடைத்தால் நிற்கும். காட்டுமாடு மிதித்தால் நிற்கும். ஆனால் இதெல்லாம் எங்களுக்கு அப்புறம்தான் தோன்றும். முதலில் தோன்றுவது, ஆகாதவன் எவனோ மேலே போய் ஓஸைப் பிடுங்கிப் போட்டுவிட்டான் என்பதுதான். பாதி நேரம் அது உண்மையாகவும் இருந்து தொலைக்கும்.

என் வீட்டுக்காரருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பேச்சு நின்றது அந்தக் குழியால்தான். மாமனார் நிலத்தைப் பிரித்துக் கொடுத்தபோது ஒரு முணுமுணுப்பு இல்லை. ஓடைக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு, அந்தப் பக்கம் அவர்களுக்கு. குழியில்தான் வம்பு. ஒரு கோடையில் மூத்தவரின் ஓஸ் ஆழத்தில் கிடக்க, எங்களுடையது மேட்டில் காய்ந்தது. இவர் போய் மாற்றி வைத்தார். அவர் போய்த் திரும்ப மாற்றினார். அப்புறம் ஒருநாள் எங்கள் ஓஸ் குழிக்கு வெளியே கிடந்தது, மறுநாள் அவர்களுடையது கிடந்தது. சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போய், ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற நிலைமைக்கு வந்துவிட்டது.

ஆண்கள் பேசாவிட்டால் பெண்களும் பேசக் கூடாது, அதுதானே சட்டம். மூத்தவரின் மனைவியை நான் அக்கா என்று கூப்பிட வேண்டியவள். கூப்பிட வழியில்லாமல் போனது. நான் கோழியைத் திட்டுகிற சாக்கில் அவரைத் திட்டுவேன். அவர் நாயைத் திட்டுகிற சாக்கில் என்னைத் திட்டுவார். ஓடைச் சத்தத்தையும் மீறிக் கேட்க வேண்டும் என்பதால் இரண்டு பேருக்கும் தொண்டை நன்றாகத் திறந்துவிட்டது. அந்த நாய் பாவம், எதற்குத் திட்டு வாங்குகிறோம் என்று தெரியாமல் வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும்.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. கொடைக்கானலுக்கு மழை புதிதா என்று முதலில் இருந்தோம். பிறகு துணி காயவில்லை, விறகு பிடிக்கவில்லை, சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டியது. கேரட் மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும் என்று பயந்து, மழை கொஞ்சம் தணிந்திருந்த ஒரு காலையில் வெள்ளனே ஆள் விட்டுப் பிடுங்கிக் குவித்துவிட்டோம். பிடுங்கியவர்கள் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். சாயங்காலம் ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வண்டி வரும். அதற்குள் கழுவி மூட்டை கட்ட வேண்டும்.

தொட்டிக்கு ஓஸைத் திருப்பினேன். செம்மண் கரைத்த மாதிரி தண்ணீர் வந்தது. மழைக்காலத்தில் அது வழக்கம்தான். கொஞ்ச நேரத்தில் ஓஸ் இருமியது, காற்றைத் துப்பியது, நின்றுவிட்டது.

வீட்டுக்காரர் ஓஸின் முனையைக் கையில் பிடித்தபடி ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்தார். மேலே கூடப் பார்க்கவில்லை. நேராக அண்ணன் வீட்டைத்தான் பார்த்தார்.

"சந்தைக்கு அனுப்புற நாளாப் பாத்துச் செஞ்சிருக்கான் பாரு" என்றார். உள்ளே போய் அரிவாளை எடுத்து இடுப்பில் செருகினார். மேலே போகிற எல்லோரும் செடி கொடி வெட்ட அரிவாள் கொண்டு போவார்கள், அதில் ஒன்றுமில்லை. ஆனால் அவர் அதை எடுத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. சருகு அடைச்சிருக்கும், காட்டுமாடு மிதிச்சிருக்கும், நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று என்னென்னவோ சொன்னேன். காதில் வாங்கினால்தானே. தூறலில் நனைந்துகொண்டே ஏறிப் போனார்.

அப்போது எனக்கிருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். அண்ணனும் மேலே இருந்தால் என்ன ஆகும்? ஒரு வெட்டு விழுந்தால் ஒருவர் ஆஸ்பத்திரிக்கோ அதற்கு அப்பாலோ, இன்னொருவர் ஜெயிலுக்கு. இதை நினைத்து நினைத்துக் கை வேலை ஓடாமல் கேரட் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஏதோ சரியில்லை என்று தோன்றியது. என்னவென்று பிடிபடவில்லை. மழையில் காது அடைத்துக்கொண்டதோ என்று விரலை விட்டு ஆட்டினேன். தகரக் கூரையில் தூறல் விழுவது நன்றாகக் கேட்டது. பசு அசை போடுவது கேட்டது. அந்த வீட்டில் நாய் முனகுவதுகூடக் கேட்டது. இத்தனை வருஷத்தில் அந்த நாய் முனகி நான் கேட்டதே இல்லை.

ஓடைதான் கேட்கவில்லை.

எழுந்து போய்ப் பார்த்தேன். ஓடை நின்றிருந்தது. கல்லெல்லாம் ஈரமாகப் பளபளத்தது, தண்ணீர் இல்லை. கல் இடுக்கிலிருந்து நண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து கரைமேல் ஏறிக்கொண்டிருந்தன. அவசரம் இல்லை, ஆனால் ஒன்றுகூட நிற்கவில்லை. பங்குனி வெயிலில்கூட வற்றாத ஓடை, இப்படிக் கொட்டுகிற ஐப்பசியில் காய்ந்து கிடக்கிறது. பார்க்கவே கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டது போல இருந்தது.

கால் நனையாமல் ஓடையைத் தாண்டினேன். அக்கா தன் வீட்டு வாசலில், காய்ந்த ஓஸைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் திட்டத்தான் வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"ஒங்க வீட்லயும் நின்னு போச்சா?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். மூத்தவர் எங்கே என்று கேட்டேன். தம்பிதான் பிடுங்கியிருப்பான், இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன் என்று அவரும் ஏறிப் போயிருக்கிறார், அந்தப் பக்கத்துப் பாதையில். அக்கா இதைச் சொல்லிக்கொண்டே ஓடையை எட்டிப் பார்த்தார். நண்டுகளையும் பார்த்தார்.

"இது மனுசன் பிடுங்குனது இல்ல புள்ள" என்றார்.

மேலே எங்கோ சரிவு உடைந்து ஓடைக்குக் குறுக்கே விழுந்திருக்கிறது. விழுந்த மண்ணுக்குப் பின்னால் மழைத் தண்ணீர் அத்தனையும் சேர்ந்துகொண்டிருக்கிறது. மண் எவ்வளவு நேரம் தாங்கும்? அதற்கு நேர் கீழே இருக்கிற குழிக்குத்தான் இரண்டு பேரும் போயிருக்கிறார்கள். ஓஸைப் பிடுங்கியது யார் என்று கண்டுபிடிக்க.

இரண்டு பேருக்கும் போன் போட்டோம். சோலைக்குள் என்றைக்கு டவர் கிடைத்தது? நான் பாதையைப் பார்த்து ஓடப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்து, முதலில் மாட்டை அவிழ்த்து விடு, வெரசா, அப்புறம் மேட்டு வழியாக ஏறுவோம், ஓடைப் பக்கம் கால் வைக்காதே என்றார். அவர் ஆட்டை அவிழ்த்தார், நான் ஓடிப்போய்ப் பசுவை அவிழ்த்தேன். அது கயிறு கழன்றதுமே மேட்டுக்கு ஓடியது. நாங்கள் பின்னால் ஏறினோம்.

பாதி மேட்டில் அந்த வாசனை வந்தது. மழை பெய்தால் வருகிற மண் வாசனை இல்லை. கிணறு தோண்டும்போது அடியிலிருந்து வருமே, வெளிச்சம் படாத மண், அந்த வாசனை. அக்கா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். இரண்டு பேரும் கூப்பிட்டோம். என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது? புருஷன் பெயரைச் சொல்லிப் பழக்கமில்லை. அவர் "ஏங்க" என்றார், நானும் "ஏங்க" என்றேன். மூடுபனிக்குள் அது எவ்வளவு தூரம் போயிருக்கும்.

முதலில் காலில்தான் தெரிந்தது. மேடு நடுங்கியது. பிறகு சத்தம். அதைத் தண்ணீர்ச் சத்தம் என்று சொல்ல மாட்டேன். பாறையோடு பாறை மோதுவதும், மரம் முறிவதும், அதற்கு அடியில் நிற்காத ஓர் உறுமலும். பனி ஒரு நிமிஷம் விலகியபோது பார்த்தேன். கறுப்பாகக் குழம்பு போல வந்தது. அதன்மேல் மரங்கள் வேரோடு நின்றபடியே வந்தன. எங்கள் கேரட் குவியல், தொட்டி, கொட்டகை எல்லாம் வழித்தெடுத்த மாதிரி போனது. அவர்கள் தோட்டத்தில் பாதி போனது. எங்களை அது கண்டுகொள்ளவே இல்லை. கோபமாக வந்ததென்றால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

நான் பழனி அடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்குப் பூஜைச் சாமான் கடை. எனக்குத் தெரிந்த சாமிக்கு நடை திறக்கிற நேரம் உண்டு, ஏற படி உண்டு, நிற்க வரிசை உண்டு. என்ன வேண்டும் என்று கேட்டு, பதிலுக்கு என்ன செய்வேன் என்றும் சொல்லிவிட்டு வரலாம். அன்றைக்கு அந்த மேட்டில் நின்று முருகா என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவு பெரியதற்கு முன்னால் நின்று, என் வீட்டுக்காரரை மட்டும் விட்டுவிடு என்று கேட்க வெட்கமாகக்கூட இருந்தது. அக்கா என் கையை விடவே இல்லை. அவருடைய நகம் பதிந்தது எனக்கு அப்போது தெரியவில்லை.

சத்தம் அடங்கி ரொம்ப நேரம் கழித்து, மேட்டு மேலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டிருந்தார். யார் எவர் என்று முகம் தெரியாத அளவுக்குச் சேறு. வீட்டுக்காரரின் உதடு கிழிந்திருந்தது. மூத்தவரின் சட்டையில் ஒரு கை இல்லை. நான் ஓடிப்போய் என் வீட்டுக்காரர் நெஞ்சில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். பிறகுதான் அழுதேன்.

நடந்ததை அன்றைக்கு அவர்கள் சொல்லவில்லை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்கள். இரண்டு பாதையும் சேருகிற இடத்தில், குழிக்குப் போகும் முன்பே, எதிரும் புதிருமாகச் சந்தித்திருக்கிறார்கள். நீதானே பிடுங்கினாய் என்று இவர், நீதானே என்று அவர். வாய் முற்றிக் கை நீண்டு, கட்டிப் புரண்டிருக்கிறார்கள். அரிவாளை மூத்தவர் பிடுங்கிக் காட்டுக்குள் எறிந்திருக்கிறார். அதைத் தேடி எடுக்க இவர் மேட்டுப் பக்கம் ஏற, விடக்கூடாதென்று அவரும் பின்னாலேயே ஏறி, அங்கேயும் உருண்டிருக்கிறார்கள். அப்போதுதான் கீழே அவர்கள் நின்றிருந்த இடம், பாதை, குழி எல்லாம் ஒன்றாகப் போயிருக்கிறது. சண்டையில் கொஞ்சம் சீக்கிரம் சமாதானமாகியிருந்தால் இரண்டு பேரும் குழியில் நின்றிருப்பார்கள்.

மறுநாள் நானும் அக்காவும் பாறைக் குவியலில், கொட்டகையோடு போன பாத்திரங்களைத் தேடிக்கொண்டிருந்தோம். அவர் ஒரு குடத்தை மண்ணிலிருந்து இழுத்தபடி, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"வருசா வருசம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கேன்ல. எதுக்குன்னு நெனச்ச? இவுக ரெண்டு பேரும் ஒண்ணு சேரணும்னுதான். வேற ஒண்ணும் கேட்டதில்ல. அந்தச் சாமி செவி சாய்ச்சிருந்தா..."

குடத்தைத் துடைக்க ஆரம்பித்தார். பிறந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மலையேறி நானும் அதையேதான் கேட்டிருந்தேன்.

அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். சரிவு இன்னும் முழுதாக இறங்கவில்லை, மழை நாளில் கவனமாக இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வெயில் நாளில் இங்கிருந்தே தெரிகிறது, பச்சைக்கு நடுவில் உரித்த தோல் மாதிரி சிவப்பாக ஒரு பட்டை. அதற்கு மேலே கொஞ்சம் மரங்கள் கீழ்நோக்கிச் சாய்ந்து நிற்கின்றன. அந்தச் சரிவுக்கு நேர் கீழேயே ஓடையில் ஒரு புதுக் குழி விழுந்திருக்கிறது. வேறு தண்ணீர் எங்களுக்கு இல்லை.

அண்ணனும் தம்பியும் அன்றிலிருந்து ராசியாகிவிட்டார்கள். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஓஸ் போட்டிருக்கிறார்கள். ஊரே மெச்சுகிறது. போன வாரம் தூறலில் தண்ணீர் நின்றது. போக வேண்டாம் என்று நானும் அக்காவும் வழியை மறித்துக்கொண்டு நின்றோம்.

"ரெண்டு பேரும் சேந்துதானே போறோம், என்ன பயம்?" என்றார் என் வீட்டுக்காரர்.

ஒருவரையொருவர் கேலி பேசிச் சிரித்துக்கொண்டு ஏறிப் போனார்கள். வழியில் அவர்களை நிறுத்தி வைக்க இப்போது ஒன்றுமில்லை. நேராகக் குழிக்கே போய்விடுவார்கள். அக்கா கண்ணை மூடிக் கை கூப்பினார். நானும் கூப்பினேன். என்ன கேட்பது என்றுதான் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.