மட்டன் என்று பெயர் வைத்த மக்ரோனி

விஜிக்குச் சமையல் பிடிக்கும் என்று யாராவது சொன்னால் அவளே சண்டைக்கு வருவாள். அவளுக்குப் பிடித்தது வேலை சீக்கிரம் முடிவது. ஷார்ஜா ரோலாவில் குடியிருந்துகொண்டு துபாய் தேராவில் ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியில் டாக்குமெண்ட் கிளார்க்காக இருந்தாள். இரண்டு ஊருக்கும் நடுவே அந்த ரோட்டில் 2007-ல் இருந்த நெரிசலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆறு மணிக்கு ஆபீஸ் வேனில் ஏறினால் எட்டு மணிக்குள் வீட்டுக் கதவைத் திறப்பதே அதிர்ஷ்டம். அதற்குப் பிறகு தேங்காய் அரைத்து, வெங்காயம் உரித்து, குழம்பு கூட்டுவது என்பதெல்லாம் பகல் முழுக்க வீட்டில் இருப்பவர்கள் போடும் திட்டம்.

அவள் வீட்டு அடுப்புக்குக் கீழே ஒரு ஓவன் இருந்தது. ரோலாவில் எல்லார் வீட்டிலும் இருந்தது. தமிழ்க் குடும்பங்கள் அதில் தோசைக்கல், வாணலி, மூடி தொலைந்த பாத்திரங்கள் எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தன. விஜியும் அப்படித்தான் வைத்திருந்தாள். ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரி, எகிப்துக்காரி நாதியா, ஒரு நாள் மதியம் டப்பாவைத் திறந்து ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாள். மக்ரோனி, நடுவில் மசாலா போட்டு வதக்கிய மாட்டுக் கொத்துக்கறி, மேலே மைதாவை வெண்ணெயில் வறுத்துப் பால் ஊற்றிக் கிண்டிய கூழ், எல்லாம் சேர்ந்து ஓவனில் வெந்து கேக் மாதிரி நின்றது. "வெள்ளிக்கிழமை ஒரு தடவை செய்வேன். பாதி வாரம் ஓடிவிடும்" என்றாள் நாதியா. விஜிக்கு அந்தக் கடைசி வாக்கியம்தான் ருசித்தது.

அந்த வெள்ளிக்கிழமையே ஓவனிலிருந்து தோசைக்கல் வெளியேறியது. ஆட்டுக்கறி விலையில் பாதிகூட வராத ஃப்ரோசன் பீஃப் கீமா பாக்கெட் வாங்கினாள். நாதியா சொன்ன அரபு மசாலாவுக்குப் பதில் மிளகு, சோம்பு, பட்டை போட்டுத் தன் கைப்பக்குவத்துக்கு மாற்றிக்கொண்டாள். கூழ் முதல் தடவை கட்டி தட்டியது. இரண்டாம் தடவை வழுவழுவென்று வந்தது. இரண்டு ட்ரே செய்து, ஆறவைத்து, சதுரம் சதுரமாக வெட்டி, கிழமை எழுதி ஒட்டி ஃப்ரீசரில் வைத்தாள். வேலை நாளில் எட்டு மணிக்கு வந்தால் எட்டேகாலுக்குத் தட்டு முன்னால் உட்காரலாம். வாழ்க்கையில் இப்படி ஒரு வசதியை எந்தக் கல்யாணப் பரிசும் அவளுக்குத் தந்ததில்லை.

சிக்கல், அந்தக் கறியை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்பதில் வந்தது.

விஜி அரக்கோணத்தில் பிறந்தவள். அப்பா ரயில்வேயில் கலாசி. பி.காம். தபாலில் முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, பன்னீர்செல்வத்தைக் கட்டிக்கொண்டு ஷார்ஜா வந்தவள். பன்னீர்செல்வம் உளுந்தூர்பேட்டைப் பக்கம். கட்டடக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். இரண்டு பேரும் ஒரே சாதி. ஊருக்கு வெளியே தள்ளிக் கட்டிய காலனிகளில் வளர்ந்தவர்கள். மாட்டுக்கறி இரண்டு பேருக்கும் பிறந்ததிலிருந்து தெரிந்த சாப்பாடு. ஆனால் பன்னீர்செல்வம் பாலிடெக்னிக் ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அதை விட்டுவிட்டான். விட்டான் என்பதைவிட ஒளித்தான் என்பது சரி. 'உங்க ஊர்ல எந்தத் தெரு?' என்று தமிழன் தமிழனைக் கேட்டால் அது வழி விசாரிக்கிற கேள்வி அல்ல, சாதி விசாரிக்கிற கேள்வி. பன்னீர்செல்வம் அதற்கு ஒரே பதில் வைத்திருந்தான்: "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடிங்க." பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் முழு ஊரும் இருக்கிறது, காலனியும் இருக்கிறது. பொய் இல்லை.

எனவே முதல் ட்ரே ஓவனிலிருந்து வெளியே வந்ததும் அவன் சட்டம் போட்டான்.

"பாப்பாகிட்ட மட்டன்னு சொல்லிடு. அது வெளிய போய் உளறும்."

"நம்ம வீட்டுல, கதவ சாத்திக்கிட்டுத் திங்கறதுக்குமா பேரு மாத்தணும்?"

"எதிர் வீட்டுல யாரு இருக்காங்கன்னு தெரியும்ல உனக்கு?"

எதிர் வீட்டில் கோபாலசாமி, ஷியாமளா. கோயம்புத்தூர்க்காரர்கள். சொந்த ஊரில் நிலம், மில்லில் பங்கு, பெரிய வீடு எல்லாம் உள்ள குடும்பம். கெட்டவர்கள் இல்லை, ரொம்ப நல்லவர்கள், அதுதான் பிரச்சினை. கோபாலசாமி காரில்தான் பன்னீர்செல்வம் தினமும் துபாய் போய் வந்தான். ஸ்கூல் விட்டு வரும் மகள் ஸ்வாதியை விஜி வரும்வரை ஷியாமளாதான் தன் மகன் பாலாவோடு உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டாள். விஜியைவிடப் பத்து வயது பெரியவள். 'வா கண்ணு', 'போ கண்ணு' என்றுதான் பேசுவாள். அந்த 'கண்ணு'வுக்கு விஜி மயங்கித்தான் கிடந்தாள். இந்தக் குடும்பம் இல்லாவிட்டால் அவள் வேலையை விட்டிருக்க வேண்டும்.

விஜி அடங்கினாள். எட்டு வயது ஸ்வாதிக்கு அது மட்டன் மக்ரோனி ஆயிற்று. இப்படி நாலைந்து மாதம் நிம்மதியாகப் போனது.

ஒரு வியாழக்கிழமை விஜி சீக்கிரம் வந்துவிட்டாள். ஸ்வாதி பின்னாலேயே பாலாவும் வந்தான். விஜி குளிக்கப் போன நேரத்தில் ஸ்வாதி ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு துண்டை மைக்ரோவேவில் சூடுபண்ணி, பெரிய மனுஷிபோல் தட்டில் வைத்து, "மட்டன் மக்ரோனி, டேஸ்ட் பண்ணு" என்று கொடுத்திருக்கிறாள். பாலா வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு மல்லுக்கட்டுகிற பிள்ளை. அன்றைக்கு இன்னொன்றும் கேட்டு வாங்கி இரண்டு துண்டு தின்றான். விஜி தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவன் தட்டை விரலால் வழித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை ஷியாமளா வாயெல்லாம் சிரிப்பாக வந்து நின்றாள்.

"ஏங்கண்ணு, அந்த மட்டன் மக்ரோனில என்ன மாயம் பண்ணுனே? ராத்திரி பூரா அதே பேச்சு. அடுத்த வெள்ளிக்கிழம இவனுக்குப் பொறந்த நாளு. ஒரு ட்ரே பண்ணிக் குடு கண்ணு, சாமான் எல்லாம் நான் வாங்கித் தர்றேன்."

விஜி தலையை ஆட்டி அனுப்பினாள். கதவைச் சாத்தியதும் பன்னீர்செல்வம் மெல்லிய குரலில், "ஒண்ணும் ஆகல. பொறந்த நாளைக்கு நெஜமாவே மட்டன் வாங்கி அரைச்சுப் பண்ணிடு. முடிஞ்சுது கதை" என்றான்.

"அந்தப் புள்ள ஏற்கெனவே தின்னது?"

"அது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

அந்த வாரம் முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. பெயரை ஒளித்ததில் அவளுக்குக் கோபம்தான் இருந்தது, குற்ற உணர்ச்சி இல்லை. பாலா தின்றது வேறு. ஒரு வீட்டுப் பிள்ளைக்கு அந்த வீட்டில் ஆகாததைப் பொய்ப் பெயர் சொல்லிக் கொடுத்தது தப்பு. தெரியாமல் நடந்ததுதான், ஆனால் பொய் அவள் வீட்டுப் பொய். இதைச் சொல்லாமல் ஷியாமளா முகத்தைப் பார்த்துச் சிரிக்க அவளால் முடியவில்லை. சொன்னால் என்ன போகும் என்பதும் தெரிந்திருந்தது. கார் போகும், ஸ்வாதிக்கு இருக்கும் மடி போகும், புருஷன் இருபது வருஷமாகக் கட்டிக் காத்தது போகும்.

புதன்கிழமை வேலை முடிந்து வந்ததும் எதிர் வீட்டுச் சமையலறையில் டீ கொதித்துக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டாள்.

"அக்கா, ஒரு விஷயம். கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு பாலா சாப்பிட்டது மட்டன் இல்ல. பீஃப். ஸ்வாதிக்குத் தெரியாது, நாங்கதான் அதுகிட்ட மட்டன்னு சொல்லி வெச்சிருந்தோம்."

ஷியாமளா ஒரு விநாடி விழித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அட, இதுக்குத்தான் ஒரு வாரமா மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தியா? எங்க ஊட்டுக்காரரு பர்கர் கடைக்குப் போனா ரெண்டு தின்னுட்டுத்தான் எந்திரிப்பாரு. அதென்ன ஆட்டுக்கறியா? பீஃப்தான். ஊர்ல எங்க மாமியாருக்குத் தெரிஞ்சா சாமியாடிருவாங்க, அவ்வளவுதான். வெளிநாடு வந்துட்டு இதெல்லாம் பாக்க முடியுமா கண்ணு?"

விஜிக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவுதானா? இதற்கா இத்தனை பயம்? டீயை வாங்கி ஒரு வாய் குடித்தாள். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வெளி மனுஷியிடம் முதல் தடவையாகத் தன் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிப் பேச வாய் திறந்திருக்கிறது. பேசட்டுமே என்று விட்டுவிட்டாள்.

"எங்கம்மா வெக்கிறத நீங்க சாப்பிடணும்க்கா. கத்திரிக்கா போட்டு, மொளகு தூக்கலா. ஞாயித்துக்கிழம ஆனா எங்க தெருவே மணக்கும்."

"தெருவேவா?" என்றாள் ஷியாமளா.

"ஆமாக்கா."

"தெருவுல எல்லாருமே...?"

"எல்லாரும்தான்."

ஷியாமளா திரும்பி, ஏற்கெனவே அணைத்திருந்த அடுப்பின் திருகை மறுபடி திருகிப் பார்த்தாள். "ஓ" என்றாள். அப்புறம், "டீ ஆறுது, குடிங்க" என்றாள்.

குடிங்க. விஜிக்குக் காதில் விழுந்தது. கடையில் வாங்கித் தின்றால் அது பீஃப். அம்மா சமைத்துப் போட்டால் அது மாட்டுக்கறி. முதலாவது வெளிநாட்டு நாகரிகம். இரண்டாவது இன்ன தெருவில் பிறந்தவள் என்பதற்குச் சாட்சி. ஷியாமளா மாட்டை மன்னித்துவிட்டாள், தெருவை மன்னிக்க முடியவில்லை. டீயைக் குடித்து முடிக்காமலே விஜி எழுந்து வந்தாள்.

யாரும் சண்டை போடவில்லை. வியாழக்கிழமை, "ட்ரே வேண்டாங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம், வெளிய ஆர்டர் குடுத்துட்டோம்" என்று சேதி வந்தது. பிறந்த நாளுக்கு அழைத்தார்கள், போனார்கள், கேக் சாப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கோபாலசாமி போனில், தன் ஆபீஸ் நேரம் மாறிவிட்டதாகவும் இனி ரொம்ப முன்னாடியே கிளம்ப வேண்டியிருக்கும் என்றும் வருத்தத்தோடு சொன்னார். அவர் கார் வழக்கமான நேரத்துக்குத்தான் கிளம்பியது, ஜன்னலிலிருந்து தெரிந்தது. திங்கட்கிழமை, ஷியாமளா மத்தியானத்தில் கம்ப்யூட்டர் கிளாஸ் சேரப்போவதாகச் சொன்னாள். ஸ்வாதி கீழ்த்தளத்து மலையாளி டீச்சரிடம் டியூஷனுக்குப் போனாள். விஜிமேல் எதிர் வீட்டில் மரியாதை கூடிவிட்டது. லிஃப்டில் பார்த்தால் 'வாங்க', 'போங்க', 'நல்லா இருக்கீங்களா'. கண்ணு மட்டும் இல்லை. அதற்காக விஜி ஒரு தடவை லிஃப்டுக்குள் நின்று அழுதாள். நாலு மாடி இறங்குவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பன்னீர்செல்வம் இப்போது தினமும் துபாயில் பஸ் வரிசையில் நின்று, வியர்த்து, நேரம் கழித்து வந்தான். நடந்ததை விஜி சொன்ன நாளிலிருந்து வீட்டில் அவளோடு பேசவில்லை. ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில், தட்டில் அந்த மக்ரோனித் துண்டைப் பார்த்ததும் அடக்கி வைத்திருந்தது உடைந்தது.

"பர்கரோட நிறுத்தியிருந்தா முடிஞ்சிருக்கும்ல? எங்கம்மா, எங்க தெருன்னு யாரு உன்னக் கேட்டா? இருபது வருஷம், விஜி. ஒரு டீ குடிக்கிற நேரத்துல முடிச்சுட்ட."

ஸ்வாதி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாடி, இது மட்டன் இல்லையா?"

"பீஃப்" என்றாள் விஜி.

"எங்க கிளாஸ்ல நெறைய பேர் பீஃப் சாப்பிடுவாங்க. அப்புறம் எங்கிட்ட ஏன் மட்டன்னு சொன்னீங்க?"

ஸ்வாதி விடவில்லை.

"இதனாலதான் பாலா வீட்டுக்குப் போகக் கூடாதா? நாம ராங்கா ஏதாவது பண்ணிட்டமா, டாடி?"

விஜி வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை. இந்தக் கேள்வி அவளுடையது அல்ல. இதற்கு அவன் என்ன சொல்கிறானோ அதை வைத்துக்கொண்டுதான் இந்தப் பெண் வளரும். ஆமாம் என்று அவன் தலையாட்டினாலும் போதும், அரக்கோணமும் உளுந்தூர்பேட்டையும் இவளுக்கும் வந்து சேர்ந்துவிடும்.

பன்னீர்செல்வம் நாற்காலியை மகள் பக்கம் திருப்பினான்.

"நாம ஒரு தப்பும் பண்ணல, பாப்பா. அம்மாவும் பண்ணல. அப்பாவுக்குத்தான் பயம். அதனால உங்கிட்டயே பொய் சொன்னேன்."

"பயமா? யாரப் பாத்து?"

அவன் எதிர் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினான்.

ஸ்வாதிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டாள். "ஷியாமளா ஆன்ட்டியப் பாத்தா? டாடி! அவங்க கரப்பான் பூச்சி வந்தா ஸ்டூல் மேல ஏறி நின்னு கத்துவாங்க. நான்தான் அடிப்பேன்!"

பன்னீர்செல்வமும் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. மகள் எதிரில் அழுகிறோமே என்று வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பினான், அப்புறம் திருப்பாமல் அழுதான். ஸ்வாதி பயந்துபோய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். விஜி இன்னொரு துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். அவன் சாப்பிட்டான்.