மிஷின் பாய் வீட்டில் ரிப்பேர் பார்த்தவர்

"மிஷின் பாய் வூட்டம்மா நெஞ்சு வலியில தவறிட்டாங்களாம். பாவம், அவருக்குக் கை ஓடாது. நம்ம மிஷின் வர லேட்டாவும்" என்று எங்கள் ஓட்டல் முதலாளி என்னிடம் போனில் சொன்னார். இறந்தவருக்கு ஒரு பெயர் உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. ஜமீலா பீ. நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவரைப் பற்றிச் சொல்ல வேறு யாரும் முன்வர மாட்டார்கள் என்பதால் நான் எழுதுகிறேன்.

மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய சாலையோர ஓட்டலில், பன் கவுண்டரில் வேலை செய்கிறேன். எங்களிடம் ஒரு கன்வேயர் டோஸ்டர் இருந்தது. மேலே பன்னை வைத்தால் சங்கிலி உள்ளே இழுத்துக்கொண்டு போய், சூட்டில் சிவக்க வைத்துக் கீழே தள்ளும். உப்புக் காற்றில் அது அடிக்கடி படுத்துக்கொள்ளும். துபாயில் பர்கர் கடையில் இருந்துவிட்டு வந்த பாய்தான் அதைச் சரிசெய்கிறார் என்று ஊரே நம்பியது.

முதல் முறை நான்தான் மிஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். பாய் கூடத்தில் உட்கார்ந்து, மிஷினுக்கு என்ன கோளாறு என்று கேட்டுக்கொண்டிருந்தார். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "பன்னு ரெண்டு பக்கமும் கருகுதா, ஒரு பக்கம் மட்டுமாம்மா? உள்ள வந்து சொல்லு" என்றது. மற்ற ஓட்டல்களிலிருந்து வரும் ஆண்கள் கூடத்தோடு திரும்பிவிடுவார்கள். நான் பெண் என்பதால் உள்ளே போனேன். அடுப்படியில் பழைய பேப்பரை விரித்து, வேறொரு ஓட்டலின் டோஸ்டரை அக்கா பிரித்துப் போட்டிருந்தார்.

"தையல் மிஷின கழட்டி மாட்டிப் பழகுன கை. இது ஒரு மோட்டாரு, ஒரு சங்கிலி, அவ்ளோதான். அவருக்கு இதுல பன்னு வைக்கத்தான் தெரியும்" என்று சிரித்தார்.

எங்கள் மிஷினில் பச்சை பூத்திருந்த ஒயர் முனைகளைச் சுரண்டி, சங்கிலியைத் துடைத்து, சூடு தாங்கும் கிரீஸ் தடவினார். "ஃபேன் பக்கம் கடல பாத்து இருக்குதா? திருப்பி வைங்க. உப்ப அதுதான் உள்ள இழுக்குது" என்றார். திருப்பி வைத்தோம். பல மாதம் தொந்தரவே இல்லை. "பாய் மூளையே மூளை" என்று முதலாளி மெச்சினார்.

போகப் போக அக்கா என்னிடம் மனம்விட்டுப் பேசினார். "காலி மிஷினத்தான் ஓட்டிப் பாத்து அனுப்புறேன். கூட்டத்துல பன்னு வரிசையா சிவந்து வர்றத ஒருவாட்டி பாக்கணும். இது ஜமீலா செஞ்சதுன்னு யாராச்சும் சொல்லணும்."

அக்காவை ஒருமுறை எங்கள் கடைக்குக் கூட்டிப்போகட்டுமா என்று பாயிடம் நானே கேட்டேன். "கடைக்கெல்லாம் எதுக்குங்க? நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்றார். ரிப்பேர் பார்ப்பது அவர் இல்லை என்றுதான் பேசுவார்கள்; அது அவருக்கு நன்றாகவே தெரியும். மிஷினைச் சரிசெய்வது அக்காதான் என்று முதலாளியிடம் சொன்னேன். "பொம்பளையா? ஏம்மா, யார்கிட்ட கத வுடுற?" என்று சிரித்தார்.

அடக்கத்தன்று கூடம் நிறைய ஓட்டல்காரர்கள். "தைரியமா இருங்க பாய், உங்க கைத்தொழில் உங்கள விடாது" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவரும் தலையாட்டினார். நான் எழுந்து போய்விட்டேன். உள்ளே அடுப்படியில் எங்கள் டோஸ்டர் திறந்தபடி கிடந்தது. வேலை முக்கால்வாசி முடிந்திருந்தது. சங்கிலியை மாட்டி மூட வேண்டியதுதான் பாக்கி.

நேற்று பாய் அதை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். ஸ்குரூவெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தன. "இது தேறாது, எடைக்குப் போட்டுடுங்க" என்று சொல்லியனுப்பியிருந்தார். "மிஷின் நல்லா இருக்குது. பாக்குற அக்காதான் இல்ல" என்று கத்தினேன். "பாயே சொல்லிட்டாரு, உனக்கு என்னம்மா தெரியும்?" என்று முதலாளி பழைய இரும்புக்காரருக்குப் போன் செய்தார்.

அக்கா, நீங்கள் கைவைத்த எந்த மிஷினும் தேறாமல் போனதில்லை. இரும்புக்காரர் வந்து சங்கிலியைத் தூக்கிப் பார்த்தார். "துருவே இல்லியேம்மா, யாரு பாத்தது?" என்றார். ஜமீலா பீ என்றேன். "அது யாரு?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அப்படிக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். நின்று முழுவதும் சொல்லித்தான் அனுப்பினேன். நிம்மதியாகப் போய் வாருங்கள் அக்கா.