ஒரு கடைக்குள் ஒரு சுவர்

ஜிப் அக்கா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர்களே கிடையாது. ஜாக்கெட்டோ பேன்ட்டோ பள்ளிக்கூடப் பையோ, ஜிப் போய்விட்டால் நேரே அவளிடம்தான் வருவார்கள். அதே அறையின் மறுபாதியில் அவள் கணவர் பெட்டி ரிப்பேர் செய்தார். சக்கரம் கழன்றது, கைப்பிடி அறுந்தது எல்லாம் அவர் பாடு. தோலும் தடித்த துணியும் தைக்கிற கனத்த மெஷின் இருவருக்கும் சேர்த்து ஒன்றுதான், அதுவும் அவள் பெயரில் வாங்கியது. கைப்பிடி தைக்க வேண்டுமென்றால் அவர் வந்து, "கொஞ்சம் நகரு" என்பார். அவள் நகர்ந்து உட்காருவாள். பத்தொன்பது வருஷம் இப்படியே ஓடியது. இதில் யார் குடி கெட்டது?

குடி கெடுக்கவென்றே வந்து சேர்ந்தது புது வரி விதி. அதுவரை அவள் தொழில் தனி, அவர் தொழில் தனி. வருஷ விற்பனை ஒரு வரம்புக்குள் இருந்தால் வரி இல்லை. இருவரும் அந்த வரம்புக்குக் கீழேதான் இருந்தார்கள். இனிமேல் ஒரே குடும்பத்தார் ஒரே இடத்தில் சேர்ந்து தொழில் செய்தால், இரண்டு விற்பனையையும் கூட்டி ஒன்றாகத்தான் பார்ப்பார்களாம். கூட்டினால் வரம்பு தாண்டிவிடும், அப்புறம் ஒவ்வொரு பில்லிலும் வரி. எதிரே இருக்கிற பெரிய துணிக்கடையில் ஜிப்பைச் சும்மாவே மாற்றித் தருகிறோம் என்று பலகை தொங்கும்போது, இவள் விலையை ஏற்றினால் எவர் வருவார்?

யோசனை சொல்ல வந்தான் கொழுந்தன். அவன் ஓர் ஆடிட்டரிடம் வேலை பார்க்கிறான். அதனால் தானே ஆடிட்டர் என்று அவனுக்கு நினைப்பு.

"அண்ணி, ரெண்டு பேரும் வேற வேறன்னு காட்டணும். நடுவுல ஒரு சுவர், தனி வாசல், தனி மீட்டர். முடிஞ்சுது கதை."

"நாங்க வேற வேறயா? வாய் கூசாம சொல்றியே தம்பி!"

"பேப்பர்ல மட்டும்தான் அண்ணி."

பிளைவுட் சுவர் எழும்பியது. ஜன்னல் அவள் பக்கம் போயிற்று, ஃபேன் அவர் பக்கம் போயிற்று. அவள் வெளிச்சத்தில் வெந்தாள், அவர் இருட்டில் குளிர்ந்தார். கத்தரிக்கோல் எப்போதும் அடுத்த பக்கத்தில்தான் இருந்தது. மெஷினுக்கு வர அவர் தெருவில் இறங்கி, சுற்றிக்கொண்டு, மழையென்றால் நனைந்துகொண்டு வர வேண்டும்.

"என்னக்கா, வீட்ல சண்டையா?" என்று கேட்டாள், பை தைக்க வந்த நர்ஸ் ஒருத்தி.

"சண்டைன்னாலும் ஒரு நியாயம் இருக்கும். இது சும்மா இருந்தவளைச் சொறிஞ்சுவிட்ட கதை."

அதோடு விட்டானா கொழுந்தன்? அடுத்த வாரமே வந்து நின்றான்.

"அண்ணன் உங்க மெஷினைச் சும்மா யூஸ் பண்ணினா, ஒரே தொழில்னு பிடிச்சுடுவாங்க. ஒவ்வொரு தடவையும் அவருக்கு நீங்க பில் போட்டுடுங்க."

சொந்தப் புருஷனுக்குப் பில்! ஒரு கைப்பிடிக்கு ஒரு பில். அவர் சட்டைப் பையிலிருந்து காசு எடுத்துக் கொடுப்பார், அவள் வாங்கி மேஜை டிராயரில் போடுவாள். சாயங்காலம் அதே காசை எடுத்துக்கொண்டு போய் அவருக்கே இருமல் மருந்து வாங்கி வருவாள். பைத்தியக்கார ஆஸ்பத்திரியில்கூட இப்படி ஒரு விளையாட்டு நடக்காது என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் ஒரு பில்லையும் விடவில்லை. வரம்பைத் தாண்டிவிடக் கூடாதே என்று வருஷக் கடைசி இரண்டு மாதம் வந்த வேலையைக்கூடத் திருப்பி அனுப்பினாள். நாற்பது பைகளோடு வந்த விடுதிக்காரர் எதிர்க்கடைக்குள் நுழைவதை, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் வரி அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். கெட்டவர் இல்லை, பாவம், வெயிலில் நடந்து வந்த களைப்பு. தண்ணீர் வாங்கிக் குடித்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"இது எதுக்கும்மா?"

"தனித்தனின்னு காட்டத்தான் சார்."

"சுவரை யாரும்மா கேட்டா? நீங்க செய்யறது ஒரு தொழில், அவர் செய்யறது வேற தொழில். கணக்கும் வேற. சுவர் இல்லாட்டியும் விட்டிருப்போம்."

அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. "அப்ப வரி இல்லைங்களா சார்?"

அவர் பில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார். "உங்க விற்பனை வரம்பைத் தாண்டியிருக்கே."

"தாண்டாது சார்! வந்த வேலையைத் துரத்தியடிச்சிருக்கேன்."

"இந்த மெஷின் வாடகை பில்லெல்லாம் சேர்த்தா தாண்டுது. அதுவும் உங்க வருமானம்தானே?"

"ஐயோ சார், அது என் வீட்டுக்காரர்! அவர் பையிலேருந்து என் பைக்கு வந்த காசு. ஒரே வீடு, ஒரே அடுப்பு. இதுல வருமானம் எங்கேருந்து வந்துச்சு?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ரெண்டு பேர் காசும் ஒண்ணுன்னு எழுதிக் கொடுத்தா, தொழிலும் ஒண்ணுன்னு ஆயிடும். அவருக்கும் சேர்த்து வரி. அவர் உங்க வாடிக்கையாளர்னு எழுதினா உங்களுக்கு மட்டும்தான். உங்க இஷ்டம்."

எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி. சுவருக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் நின்றுபோயிருந்தது. அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். கொழுந்தன் மட்டும் அந்த நேரத்தில் கையில் கிடைத்திருந்தால் அந்தக் கனத்த மெஷினிலேயே வைத்துத் தைத்திருப்பாள்.

அதிகாரி நீட்டிய படிவத்தில் ஓர் இடத்தில் கேட்டிருந்தது: மேற்படி நபர் உங்களுக்கு யார்? அவள் பேனாவை எடுத்தாள். இரண்டு கடையும் படுப்பதற்கு ஒன்றாவது நிமிர்ந்து நிற்கட்டும். 'வாடிக்கையாளர்' என்று எழுதினாள். அவர் அதை வாங்கி முத்திரை குத்தினார். அடுத்த மாதத்திலிருந்து எல்லாப் பில்லிலும் வரி சேர்க்கணும் என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கணவர் தெருவழியே சுற்றிக்கொண்டு வந்தார். கையில் ஒரு பெட்டியின் கைப்பிடி. எப்போதும் விறுவிறுவென்று உள்ளே வந்து நிற்கிறவர், இன்றைக்கு வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"உள்ளே வரலாமா?" என்று கேட்டார்.

"எதுக்கு? வாடிக்கையாளரெல்லாம் வெளியிலேதான் நிக்கணும்" என்று கிண்டலாகச் சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். பாதியிலேயே குரல் உடைந்து போயிற்று. மெஷின் மேல் கவிழ்ந்துகொண்டு அழுதாள்.