அறுபத்தைந்தாம் பக்கத்தோடு மொன்றியல் போனது

மாசி மாதத்துச் சனிக்கிழமை, காலை 6.30. ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்கு பஸ். ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டர். சீட்டு அறுபத்தெட்டு டொலர்.

சாரதி என் பையைக் கீழே வைக்கச் சொன்னார். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். குழந்தையா என்று கேட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பையில் இருந்தது பதினாறு பக்கம். நாற்பத்தாறு பிரதி.

நான் சமையற்கட்டு வேலைக்காரன். படித்தது எட்டாம் வகுப்பு. நானும் மனைவியும் வீட்டுக் கீழறையில் ஒரு பதிப்பகம் வைத்திருக்கிறோம். இதுவரை ஆறு புத்தகம். மனைவி தட்டச்சு செய்வாள். சென்னையில் அச்சடித்துக் கப்பலில் வரும். கடைகள் எங்கள் புத்தகத்தை எடுப்பதில்லை. நாங்களே கொண்டுபோய்க் கையில் கொடுப்போம்.

ஆறாவது புத்தகம் மலருடைய நாவல். மலர் மொன்றியலில் ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறவர். கார்த்திகையில் அங்கேயே வெளியீடு வைத்தோம். எங்கள் ஆட்களின் வெளியீடு எப்படி என்று போகாதவர்களுக்குச் சொல்கிறேன். மேடையில் ஒருவர் புத்தகத்தைப் புகழ்வார். பிறகு ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவர் ஏறிவந்து காசு வைத்த கடித உறையைக் கொடுப்பார். வண்ணத்தாள் சுற்றி ரிப்பன் கட்டிய புத்தகத்தை வாங்குவார். படம் எடுப்பார்கள். அடுத்த பெயர். அன்று நாற்பத்தாறு பேர் ஏறினார்கள்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் மலர் போன் எடுப்பார்.

“அண்ணை, ஆராவது ஏதும் சொன்னவையோ?”

“இன்னும் இல்லை.”

தை மாதம் ஒருநாள் சொன்னார்: “மாசி முடியுமட்டும் பாப்பன். ஒருத்தரும் ஒண்டும் சொல்லாட்டி நான் இனி எழுதமாட்டன் அண்ணை.” அழவில்லை. கடைக்குப் போகிறேன் என்பது போலச் சொன்னார்.

பத்து நாளைக்கு முன்பு வேறு ஒரு பெண் போன் எடுத்தார். மொன்றியலின் வில்லரேப் பகுதியில் கடை வைத்திருக்கும் ரஜினி. வெளியீட்டுக்கு வந்தவர். எடுத்ததும் ஒரே கேள்வி.

“அண்ணை, அந்தப் பச்சைக் கோட் ஆற்றை?”

யாருடைய கோட் என்று கேட்கிறார். எனக்கு விளங்கவில்லை. புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அறுபத்துநான்காம் பக்கத்தில் நாவலின் நாயகி ஆஸ்பத்திரி வாசலில், பனியில் பஸ்ஸுக்கு நிற்கிறாள். அடுத்து வருவது அறுபத்தைந்து அல்ல, மறுபடி நாற்பத்தொன்பது. அச்சகத்தில் பதினாறு பக்கத்தை ஒரு பாரம் என்பார்கள். ஒரே பாரத்தை இரண்டு தரம் வைத்துத் தைத்துவிட்டார்கள். 65 முதல் 80 வரை இல்லை. எண்பத்தோராம் பக்கத்தில் அவள் வீட்டில் நின்று, ஒரு ஆணின் பச்சைக் கோட்டை ஆணியில் மாட்டுகிறாள்.

பெட்டி பெட்டியாகப் பிரித்தேன். எல்லாம் அப்படித்தான். பெட்டி வந்த அன்று அட்டையைத் தடவினேன், முதல் பக்கம் பார்த்தேன், கடைசிப் பக்கம் பார்த்தேன். நடுவைப் பார்க்கவில்லை. பிழை என்னுடையது.

ஒருவர் வாசித்தார் என்று மலருக்குச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் புத்தகம் ஊனம் என்றும் சொல்ல வேண்டும். போனில் வாய் வரவில்லை. விடுபட்ட பக்கங்களை அச்சடித்து மடித்தேன். தபாலில் போட்டால் உறை பிரிக்காமலே அலமாரிக்குப் போகும். முடிந்தவரை கையில் கொடுத்து, மிச்சத்தை மலரிடம் ஒப்படைக்கலாம் என்று பஸ் ஏறினேன்.

9.45. கிங்ஸ்டன். பத்து நிமிடம் நிறுத்தினார்கள். கோப்பி இரண்டு டொலர் இருபது. பிறகு இரண்டு பக்கமும் வெள்ளை வயல். வேலி பாதிக்கு மேல் தெரியவில்லை. கொஞ்சம் தூங்கினேன். கண் விழித்தபோதும் அதே வயல். மறுபடி தூங்கினேன். அந்த வயலில் ஒரு பெண் பஸ்ஸுக்குக் கைகாட்டி நின்றது போல இருந்தது. சாரதி நிறுத்தவில்லை. கனவா, கண்டதா என்று இப்போதும் சொல்லத் தெரியாது.

பிற்பகல் 1.10. மொன்றியல். குளிர் மைனஸ் பதினாறு. மெத்ரோ என்கிற சுரங்க ரயிலுக்கு ஒரு நாள் அட்டை பதினொரு டொலர். நான் முதலில் போகவேண்டிய லவால் ஆற்றுக்கு அப்பால், அங்கே அது செல்லாதாம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பிரெஞ்சில் சொன்னார், பிறகு விரலால் வரைபடத்தில் ஆற்றைக் காட்டினார். தனிச் சீட்டு எடுத்தேன்.

லவாலுக்கு மெத்ரோ ஆற்றுக்கு அடியால் போகிறது. ஜன்னலில் என் முகம் மட்டும். மேலே ஆறு உறைந்து கிடக்கிறது, அதன் மேல் பனி, அதன் மேல் வானம். ஒரு கிழவி கையுறையோடு செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

2.30. லவால். சந்திரசேகர் சார் வீடு. தமிழ்நாட்டுக்காரர், ஓய்வுபெற்ற எஞ்சினியர். வெளியீட்டில் நாற்பது நிமிடம் புகழ்ந்தவர் இவர்தான்.

“வாங்க வாங்க! சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறீங்க?”

விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடி அலமாரியைத் திறந்தார். புத்தகம் இருந்தது. ரிப்பனும் இருந்தது, கட்டியபடியே.

அதைக் கையில் எடுத்தார். “உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு சார். முன்னுரைய மட்டும் முன்னாடியே போன்ல அனுப்பச் சொல்லிப் படிச்சேன்.”

உள்ளே இருந்து அவர் மனைவி சொன்னார்: “இவருக்கு முன்னுரைகூட அதிகம். அட்டையக் காட்டினாலே ஒரு மணி நேரம் பேசுவார்.”

“நீ சும்மா இரு, சாவித்திரி. மனுஷன் குளிர்ல வந்திருக்கார், முதல்ல காபி குடு.”

காபி நன்றாக இருந்தது. அவர் ரிப்பனை அவிழ்த்தார். அவிழ்த்து என்ன செய்வதென்று தெரியாமல் விரலில் சுற்றினார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. நானும் நடுவைப் பார்க்காதவன்தான். பதினாறு பக்கத்தையும் வாங்கி உள்ளே செருகினார். “இன்னிக்கே ஆரம்பிக்கிறேன்” என்றார். நான் சப்பாத்தைப் போட்டேன்.

4.15. வில்லரே. ஜாரி மெத்ரோவில் இறங்கி எட்டு நிமிட நடை. ரஜினியின் கடை மூலைக்கடை, இங்கே டெப்பனேர் என்பார்கள். பியர், பால், லொத்தர்ச் சீட்டு. கண்ணாடியில் ஆவி படிந்து, உள்ளே மஞ்சள் வெளிச்சம் தண்ணீருக்குள் எரிவது போல. ரஜினிக்கு நாற்பது வயது இருக்கும். தொப்பி போட்டபடி கல்லாவில் நின்றார்.

“அட, அண்ணையே! கோட்டுக்காரனைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்களோ?”

பக்கங்களைக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் பார்க்காமல் கல்லாவுக்குக் கீழே வைத்தார்.

“பேந்து பாப்பம். நான் ஒண்டு யோசிச்சு வச்சிருக்கிறன். சொல்லவோ?”

“சொல்லுங்கோ தங்கச்சி.”

“அவ அந்தக் கோட்டைக் களவெடுத்தவ.”

ஒரு ஆள் சிகரெட் கேட்டு வந்தார். பொன்ஜூர், மெர்சி சொல்லி அனுப்பிவிட்டு ரஜினி திரும்பினார்.

“ஆஸ்பத்திரியிலை ஆரோ செத்தவற்றை கோட். ஒருத்தரும் தேடி வரேல்லை. இவவுக்குக் குளிருது. எடுத்துப் போட்டவ. எனக்கு அது நல்லாப் பிடிச்சது அண்ணை. எங்கடை கதையளிலை பொம்பிளையள் அழுவினம், சமைப்பினம். களவெடுக்கமாட்டினம்.”

விடுபட்ட பக்கங்களில் அப்படி இல்லை. பஸ் நிறுத்தத்தில் ஒரு முதியவர் இரங்கித் தன் கோட்டைக் கழற்றிக் கொடுக்கிறார். நல்ல மனுஷன். நானே இரண்டு தரம் வாசித்தேன்.

“என்னண்ணை முழிக்கிறியள்? பிழையோ?”

“வாசிச்சுப் பாருங்கோ.”

“ஓம், கடை பூட்டீட்டு வாசிக்கிறன்.”

6.00. கோட்-டெ-நெய்ஜ். இருட்டிவிட்டது. மலரின் வீடு இரண்டாம் மாடி. வேலை உடுப்போடே கதவைத் திறந்தார். புத்தகம் சாமிப்படத்துக்குக் கீழே இருந்தது, அட்டையில் குங்குமப் பொட்டு. அவரும் அதைத் திறக்கவில்லை. திறக்கப் பயம் என்றார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பாரம் மாறியது, நான் பார்க்காமல் விட்டது, நாற்பத்தாறு பேருக்கும் போனது. மலர் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். கடைசியாக, ரஜினி பச்சைக் கோட்டைப் பற்றிக் கேட்டதைச் சொன்னேன். ஒருவர் வாசித்தார் என்றேன்.

“வாசிச்சவவோ?”

“ஓம். முழுக்க.”

மலர் கதிரையில் உட்கார்ந்தார். “கோட் ஆற்றையெண்டு நினைச்சவவாம்?”

“களவெடுத்தது எண்டு.”

சூடாக்கி முனகியது. அவர் அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னை நேராகப் பார்த்தார்.

“நான் முதல் அப்பிடித்தான் எழுதினனான் அண்ணை.”

“எப்ப?”

“உங்களுக்குப் போனிலை கதை சொன்னனான் எல்லே. நீங்கள்தான் கேட்டனீங்கள், எங்கடை பொம்பிளை களவெடுக்கிறதோ, சனம் என்ன சொல்லும் எண்டு. பேந்துதான் அந்தக் கிழவனைக் கொண்டந்தனான்.”

எனக்கு நினைவில்லை. ஆனால் நான் கேட்கக்கூடிய கேள்விதான் அது.

“கேட்டிருப்பன்” என்றேன்.

“கேட்டனீங்கள்.”

கை நீட்டினார். பையைக் கொடுத்தேன். மிஞ்சிய நாற்பத்துநாலு பிரதியையும் எடுத்து மேசைக்குக் கீழே தள்ளினார். “இதை ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ. அந்தப் பதினாறு பக்கத்தையும் நான் திரும்ப எழுதித் தாறன். பங்குனிக்குள்ளை.”

“சரி.”

“இந்தமுறை கேள்வி கேக்கிறேல்லை.”

“இல்லை.”

பிறகு திடீரென்று எழும்பினார். “அந்தப் பிள்ளையின்ரை கடை எத்தினை மணிக்குப் பூட்டும்? கிழவனை வாசிச்சிடப் போறா! நம்பரைத் தாங்கோ, கெதியா!”

எண்ணைச் சொன்னேன். போனைக் காதில் வைத்தபடியே போட்டுத் தந்த தேத்தண்ணியை நான் குடித்து முடித்தும் அவர் பேசி முடிக்கவில்லை. என்னைப் பார்த்துக் கையால் போகலாம் என்றார். இல்லை, இருங்கள் என்றாரோ தெரியாது. எட்டரைக்குப் பஸ். படி இறங்கினேன்.

7.20. எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று திரும்பிப் பார்த்தேன். பனி கொட்டத் தொடங்கியிருந்தது. இரண்டாம் மாடி ஜன்னலில் மலர் தெரிந்தார். போன் காதில். மற்றக் கையைத் தோளிலிருந்து முழங்கால்வரை இறக்கிக் காட்டினார், கோட்டின் நீளம். போனில் இருக்கிறவருக்கு அது தெரியாது. ஆனாலும் காட்டினார். பிறகு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார்.

ரொறன்ரோவில் எங்கள் கீழறையில் மற்ற ஐந்து புத்தகங்களும் கூரைவரை அடுக்கி இருக்கின்றன. அவற்றைப் பற்றி யாரும் இப்படிக் கையை ஆட்டிக் கதைத்து நான் கண்டதில்லை. குளிரில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கால் விறைத்த பிறகுதான் மெத்ரோவுக்கு நடந்தேன்.